வலையில் விழுந்த மின்சாரம்

பழவேற்காட்டு முகத்துவாரத்துக்கு வெளியே, கடலடி மணலை உரசிக்கொண்டு வரும் வலையில் சில நாள் ஒரு மீன் ஏறிவரும். தட்டையான வட்ட உடம்பு, மணலின் நிறம், தடித்த வால். சந்தையில் விலை போகாது. வலை பிரிக்கும் கை தவறி அதன் தலையோரத்தில் பட்டுவிட்டால் சுரீரென்று ஓர் அடி விழும். சற்று நேரம் விரல்கள் மரத்துக் கிடக்கும். பழைய அகராதிகள் இதைத் திமிலை என்கின்றன. மின்திருக்கை வகையைச் சேர்ந்தது. தலைக்கு இருபுறமும் உள்ள தசைத் திரளில் மின்சாரத்தைச் சேர்த்துவைத்து, இரை பிடிக்கவும் எதிரியை விரட்டவும் பாய்ச்சும். நம் கரையில் கிடைப்பவை சிறிய இனங்கள். அடி உறைக்குமே தவிர ஆளைக் கொல்லாது. அதனால் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பிடித்துத் திரும்பக் கடலில் எறிந்துவிடுவார்கள்.

எறியப்படும் இந்த மீனுக்கு மருத்துவ வரலாற்றில் பெரிய இடம் உண்டு. தலைக்கு வெளியே இருந்தபடி மின்சாரத்தால் நோய் தீர்க்கலாம் என்ற எண்ணமே இதன் இனத்திலிருந்துதான் தொடங்கியது. இன்று மனச்சோர்வுக்கும், ஒற்றைத் தலைவலிக்கும், பக்கவாதத்தில் செயலிழந்த கைக்கும் காந்தச் சுருளைத் தலையருகே பிடித்துச் சிகிச்சை செய்கிறார்கள். அதற்குக் காந்தத் தூண்டல் சிகிச்சை என்று பெயர். சுருக்கமாக டி.எம்.எஸ். மீனிலிருந்து சுருளுக்கு வந்த வழி ரோமாபுரியில் தொடங்கி லண்டன், பாரிஸ், ஷெஃபீல்டு என்று நீள்கிறது. அந்த வழி சோழமண்டலக் கரையைத் தொட்டுச் சென்றது என்பதும், தொட்ட இடங்களில் எல்லாம் மீனவர் கை இருந்தது என்பதும் பரவலாக அறியப்படாத செய்தி.

கி.பி. 47 வாக்கில் ரோமப் பேரரசின் மருத்துவர் ஸ்க்ரிபோனியஸ் லார்கஸ் ஒரு மருந்துத் தொகுப்பு எழுதினார். நாட்பட்ட தலைவலிக்கு அவர் சொன்ன மருந்து: உயிருள்ள கருப்பு மின்திருக்கையை வலிக்கும் இடத்தில் வைத்து, அந்த இடம் மரக்கும்வரை விட்டுவிட வேண்டும். கீல்வாதத்துக்கும் அதே மீன்தான். அலை நனைக்கும் ஈரமணலில் நின்று, முழங்கால்வரை மரத்துப்போகும்வரை மீனைக் காலடியில் வைத்திருக்க வேண்டும். திபேரியஸ் மன்னனின் விடுதலை பெற்ற அடிமை ஒருவர் கடற்கரையில் தற்செயலாக இந்த மீனை மிதித்ததில் கீல்வாதம் தீர்ந்தது என்று அவர் எழுதிவைத்திருக்கிறார். அடுத்த நூற்றாண்டில் மருத்துவர் காலென் இதைச் சோதித்துப் பார்த்தார். செத்த மீன் பயன் தரவில்லை, உயிருள்ளதுதான் வேலை செய்தது என்று குறித்தார். மின்சாரம் என்றொன்று உண்டென்றே தெரியாத காலத்தில் அது மிகக் கூர்மையான கவனிப்பு. ஸ்க்ரிபோனியஸ் எழுதிய அதே தலைமுறையில் ரோமச் சரக்குகள் புதுச்சேரிக்குத் தெற்கே அரிக்கமேட்டில் இறங்கிக்கொண்டிருந்தன.

இங்கே பழவேற்காட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திரத்தில், தென்முனை தமிழ்நாட்டில். ஆரணி ஆறும் காலங்கி ஆறும் நன்னீர் கொண்டுவர, முகத்துவாரம் வழியாகக் கடல்நீர் ஏறி இறங்கும். ஏரிக்கும் வங்கக்கடலுக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா. இந்த நீருக்குத் தனி நியாயம் உண்டு. அதன் பெயர் பாடு. கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாக்குப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய ஊர்களின் தலைக்கட்டுகள் இறால் பிடிக்கும் இடங்களை முறைவைத்துப் பிரித்துக்கொள்வார்கள். இன்று ஒருவருக்கு நல்ல இடம் என்றால் அடுத்த முறையில் அது இன்னொருவருக்குப் போகும். முறை தவறினால் அந்த நாளின் இறால் போனதுதான். வலையில்லாமல் கையாலேயே இறால் தடவிப் பிடிக்கும் இருளர் குடும்பங்களும் இதே ஏரியை நம்பி இருக்கின்றன.

வெளியார் வருகையும் இங்கே புதிதல்ல. அரபு வணிகர் வழிவந்த முஸ்லிம்களின் பழைய பள்ளிவாசலும், போர்த்துக்கீசியர் காலத்தில் தொடங்கிய மகிமை மாதா கோயிலும் இன்றும் இருக்கின்றன. 1613இல் டச்சுக்காரர்கள் கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாற்றும்வரை அவர்களது சோழமண்டல வணிகத்தின் தலைமையிடம் இதுதான். இங்கிருந்து துணி போனது, வெடிமருந்து போனது, பஞ்சகாலங்களில் விலைக்கு வாங்கப்பட்ட மனிதர்களும் அடிமைகளாகப் பத்தாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) கப்பலேற்றப்பட்டார்கள். கோட்டை இன்று புதர் மண்டிய மேடு. கல்லறைத் தோட்டம் மட்டும் எலும்புக்கூடு செதுக்கிய வாசல் தூண்களோடு தொல்லியல் துறையின் பாதுகாப்பில் நிற்கிறது.

அதே டச்சு உலகத்தின் மறுகோடியில்தான் மீனின் இரகசியம் முதலில் கசிந்தது. 1740களின் நடுவில் லைடன் நகரத்தில் அறிவியலாளர் முசென்புரூக் கண்ணாடிக் குடுவையில் மின்சாரத்தைச் சேமித்துக் காட்டினார். அதைத் தொட்டவர்களுக்கு விழுந்த அடி ஐரோப்பா எங்கும் பேச்சானது. சில ஆண்டுகளில் தென்னமெரிக்காவில் எசெக்கீபோ டச்சுக் குடியேற்றத்தின் ஆளுநர் ஸ்டார்ம் வான் கிராவெசாண்டே லைடனுக்கு ஒரு கடிதம் எழுதினார். அங்குள்ள ஆற்று விலாங்கு ஒன்றைத் தொட்டால் விழும் அடி, லைடன் குடுவையின் அடியைப் போலவே இருக்கிறது என்றார். மீனின் அடியும் குடுவையின் அடியும் ஒன்றா? அறிஞர்கள் கட்சி பிரிந்தார்கள். தண்ணீருக்குள் வாழும் உயிர் மின்சாரத்தை எப்படித் தேக்கிவைக்க முடியும் என்ற கேள்விக்கு யாரிடமும் விடையில்லை.

விடையை நிரூபித்தவர் சென்னையில் பிறந்தவர்.

ஜான் வால்ஷ் 1726இல் செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் பிறந்தார். கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியின் மகன். தானும் கம்பெனியில் சேர்ந்து, சென்னைப் படைகளுக்குச் சம்பளம் பட்டுவாடா செய்யும் பொறுப்பில் இருந்தார். பிறகு ராபர்ட் கிளைவின் அந்தரங்கச் செயலாளர் ஆனார். பிளாசிப் போருக்குப் பிறகு கிளைவைச் சுற்றியிருந்தவர்கள் வங்காளத்திலிருந்து அள்ளிய செல்வத்தில் அவருக்கும் பெரும் பங்கு கிடைத்தது. இங்கிலாந்து திரும்பி நாடாளுமன்ற உறுப்பினரானார். அறிவியலில் ஈடுபட அந்தப் பணம் அவருக்கு ஓய்வைக் கொடுத்தது. வங்காளத்தின் வரிப்பணம் ஒரு மீனின் ஆராய்ச்சிக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பது இந்தக் கதையின் கசப்பான பகுதி. அதை மறைத்துவிட்டு வால்ஷைப் புகழ முடியாது.

1772 கோடையில் அவர் பிரான்சின் மேற்குக் கரைக்குப் போனார். லா ரோஷெல் துறைமுகமும் அதற்கெதிரே ரே தீவும் மின்திருக்கை கிடைக்கும் இடங்கள். லண்டனில் இருந்த பெஞ்சமின் ஃபிராங்க்ளின் என்னென்ன சோதிக்கலாம் என்று யோசனை எழுதிக் கொடுத்திருந்தார். மீனவர்கள் கொண்டுவந்த உயிர்மீனை வால்ஷ் ஈரத்துணியில் கிடத்தினார். பட்டுக் கயிற்றில் தொங்கும் பித்தளைக் கம்பிகள், தண்ணீர்க் கிண்ணங்கள், வரிசையாக எட்டு மனிதர்கள். ஒவ்வொருவரின் விரலும் இருபுறத்துக் கிண்ணங்களில் முங்கியிருக்க, மீனின் முதுகிலிருந்து வயிற்றுக்கு வட்டம் மூடப்பட்டது. எட்டுப் பேரும் ஒரே நொடியில் துள்ளினார்கள். கம்பிக்குப் பதிலாகக் கண்ணாடியையோ அரக்கையோ வைத்தால் அடி நின்றுவிட்டது. மின்சாரம் எதன் வழியே பாயுமோ அதன் வழியே மீனின் அடியும் பாய்ந்தது. எது அதைத் தடுக்குமோ அது இதையும் தடுத்தது.

லண்டனில் உடற்கூறு அறிஞர் ஜான் ஹன்டர் அந்த மீன்களை அறுத்துப் பார்த்தார். தலைக்கு இருபுறமும் அறுகோணத் தூண்கள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருந்தன. ஒரு பக்கத்தில் மட்டும் சுமார் 470 தூண்கள். ஒவ்வொரு தூணும் மெல்லிய தகடுகளின் அடுக்கு. வால்ஷின் கட்டுரை ஃபிராங்க்ளினுக்கு எழுதிய கடிதமாகவே ராயல் சொசைட்டி இதழில் வெளியானது. சொசைட்டியின் காப்ளி பதக்கமும் அவருக்குக் கிடைத்தது. 1776இல் மின்விலாங்கிலிருந்து கண்ணுக்குத் தெரியும் தீப்பொறியையே அவர் எடுத்துக் காட்டினார். அதன்பிறகு மறுப்பவர் குறைந்தார்கள்.

சோழமண்டல மீன்களும் அந்தப் பதினெட்டாம் நூற்றாண்டில்தான் உலக அட்டவணையில் ஏறின. தரங்கம்பாடியில் டேனிஷ் மிஷனைச் சேர்ந்த கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான் 1771இல் வந்து இறங்கினார். மதப்பணிக்கு இடையே சங்கு, பூச்சி, மீன் என்று சேர்த்து, பெர்லின் மருத்துவர் மார்கஸ் எலியேசர் பிளோக்குக்கு அனுப்பினார். பிளோக் இறந்தபின் ஷ்னைடர் முடித்து 1801இல் வெளியிட்ட நூலில் தரங்கம்பாடியை இருப்பிடமாகக் கொண்ட இரண்டு மின்திருக்கைகள் இடம்பெற்றன. அவற்றுள் ஒன்று இன்று நார்சினே டிம்லெய் என்று உலகமெங்கும் அறியப்படுகிறது. திமிலை என்று கரையில் சொன்னதைத்தான் பெர்லினில் அப்படி எழுதிக்கொண்டார்கள். இரண்டே ஆண்டில், 1803இல், பேட்ரிக் ரஸ்ஸல் விசாகப்பட்டினத்தில் சேகரித்த 200 மீன்களின் படநூல் லண்டனில் அச்சானது. அதிலும் மின்திருக்கை உண்டு. பழவேற்காடு இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவே, தமிழும் தெலுங்கும் கலக்கும் கரையில் இருக்கிறது.

ஜான் பாதிரியாரின் பெயர் ஒரு மீனுக்கு வைக்கப்பட்டிருக்கிறது. ரஸ்ஸலின் பெயர் விஷப்பாம்பு ஒன்றுக்கே நிலைத்துவிட்டது. மீனைப் பிடித்தவர், அதை எங்கே பிடித்தால் தொடலாம் என்று காட்டியவர், அதன் பேரைச் சொன்னவர் யார் என்பதை எந்த நூலும் குறிக்கவில்லை. லா ரோஷெல் மீனவர்களுக்கும் அதே கதிதான். காலென் காலத்திலிருந்தே இந்த அறிவு கடலோரத்துக் கைகளில் இருந்து புத்தகத்துக்கு ஏறியது. ஏறும்போது கைகளை அழித்துவிட்டது.

மின்சாரமும் காந்தமும் அந்தக் காலத்தில் மருத்துவப் பரபரப்பாக இருந்தன. நல்லதும் போலியும் ஒன்றாகக் கலந்து விற்பனையாயின. வியன்னாவிலிருந்து பாரிஸுக்கு வந்த மெஸ்மர், உயிர்களில் ஒரு காந்தச் சக்தி ஓடுகிறது, தன் கையசைவால் அதைச் சீராக்கி எந்த நோயையும் தீர்க்க முடியும் என்றார். செல்வர்கள் திரண்டார்கள். 1784இல் மன்னர் பதினாறாம் லூயி ஒரு குழுவை அமைத்தார். அதில் வேதியியல் அறிஞர் லவாய்சியர் இருந்தார். தலைமைப் பெயராக இருந்தவர் வால்ஷை மீனிடம் அனுப்பிய அதே ஃபிராங்க்ளின். பாரிஸை அடுத்த பாஸியில் அவரது தோட்டத்தில் ஒரு மரத்துக்கு மட்டும் "காந்தமேற்றி", எது என்று சொல்லாமல், கண்ணைக் கட்டி ஒரு சிறுவனை அழைத்துவந்தார்கள். காந்தமேற்றாத மரங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுவந்த அவன் நான்காவது மரத்தடியில் மயங்கி விழுந்தான். வேலை செய்தது அவனுடைய நம்பிக்கைதான் என்று குழு முடிவு சொன்னது. நோயாளிக்கும் தெரியாமல் பொய்ச் சிகிச்சை ஒன்றையும் கொடுத்து ஒப்பிட வேண்டும் என்ற நெறிக்கு இது ஒரு முன்னோடி. இன்றைய காந்தச் சுருள் ஆய்வுகளிலும் அதே நெறி இருக்கிறது. ஒரு பிரிவினருக்கு உண்மையான சுருள், இன்னொரு பிரிவினருக்குச் சத்தம் மட்டும் போடும் பொய்ச் சுருள்.

மெஸ்மரின் முறை இந்தியாவுக்கும் வந்தது. 1845இல் ஹூக்ளியில் ஸ்காட்லாந்து மருத்துவர் ஜேம்ஸ் எஸ்டெய்ல், மயக்க மருந்து வருவதற்கு முன்பே, நோயாளிகளை வசியத் துயிலில் ஆழ்த்திப் பெரிய கட்டிகளை அறுத்தெடுத்தார். அடுத்த ஆண்டு கல்கத்தாவில் அவருக்கு ஒரு சோதனை மருத்துவமனையே தரப்பட்டது. ஹூக்ளியை ஒட்டியிருந்த டச்சு ஊரான சின்சுராவும் பழவேற்காடும் ஒரே 1824 ஒப்பந்தத்தில் ஆங்கிலேயருக்குக் கைமாறியவை. எஸ்டெய்ல் செய்ததில் காந்தம் எதுவுமில்லை. ஆனாலும் காந்த சிகிச்சை என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. இன்று காந்தக் காப்பும் காந்தப் படுக்கையும் விற்கும் கடைகளின் பேச்சில் அந்தப் பழைய சரக்கின் வாடை இன்னும் இருக்கிறது. டி.எம்.எஸ். பற்றிப் பேசும்போது இந்த வேறுபாட்டை அழுத்திச் சொல்வது அவசியம். பெயரில் காந்தம் இருப்பதால் இரண்டும் உறவாகிவிடாது.

உண்மையான வழி வேறு பக்கம் போனது. 1800இல் வோல்டா உலகின் முதல் மின்கலத்தை அறிவித்தபோது, தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய அந்தக் கருவியை மின்திருக்கையின் உறுப்புக்கே ஒப்பிட்டு, செயற்கை மின்னுறுப்பு என்று அழைத்தார். ஹன்டர் எண்ணிய தூண்கள் வீண்போகவில்லை. 1831இல் ஃபாரடே, மாறும் காந்தப்புலம் பக்கத்திலுள்ள கம்பியில் மின்சாரத்தைத் தூண்டும் என்று கண்டார். காந்தச் சுருளின் அறிவியல் முழுக்க இந்த ஒரு வரியில் இருக்கிறது. 1896இல் பாரிஸில் தார்சோன்வால் மனிதத் தலையைப் பெரிய சுருளுக்குள் வைத்தார். உள்ளே இருந்தவர்கள் மின்னல் போன்ற ஒளியைக் கண்டார்கள், தலை சுற்றியது. 1910இல் லண்டனில் சில்வானஸ் தாம்ப்சனும் அதையே கண்டார். மூளையைத் தூண்டும் வலிமை அந்தச் சுருள்களுக்கு இல்லை; ஒளி விழித்திரையில் எழுந்தது. ஆனாலும் கதவு தட்டப்பட்டுவிட்டது.

இதற்கிடையே சென்னையில் மனநோயும் மூளைநோயும் எப்படிக் கையாளப்பட்டன? 1794இல் அறுவை மருத்துவர் வாலன்டைன் கொனொலி கீழ்ப்பாக்கம் பக்கமாக ஒரு மனநோய் விடுதி தொடங்கினார். 1871இல் அது இப்போதுள்ள பெரிய வளாகத்துக்கு மாறியது. ஊரின் பெயரையே வசையாக்கி அந்த மருத்துவமனைக்குத் தமிழ்ச் சினிமா செய்த அநீதி சிறியதல்ல. ரோமில் 1938இல் செர்லெட்டியும் பினியும் கொண்டுவந்த மின்னதிர்ச்சி சிகிச்சை இந்தியா முழுவதும் பரவியது. தீவிர மனச்சோர்வுக்கு அதைவிட வேகமான மருத்துவம் இன்றும் அரிது. ஆனால் மயக்க மருந்தும் தசைத் தளர்த்தியும் இல்லாமல் நேரடியாகக் கொடுத்த பழைய வழக்கம் பல தலைமுறைக்குப் பயத்தை விட்டுச்சென்றது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம்தான் அப்படிக் கொடுப்பதைத் தடை செய்தது.

மூளைக்குள்ளேயே போன சிகிச்சையிலும் சென்னை முன்னணியில் நின்றது. சீர்காழியில் பிறந்த பி. ராமமூர்த்தி 1950இல் இங்கிலாந்திலிருந்து திரும்பி அரசுப் பொது மருத்துவமனையில் நரம்பு அறுவைத் துறையை நிறுவினார். 1960களில் அவரும் வி. பாலசுப்பிரமணியமும் டி.எஸ். கனகாவும் தலையில் ஒரு சட்டத்தைப் பொருத்தி, அளவெடுத்து, மூளையின் ஆழத்தில் ஒரு சிறு புள்ளியை மட்டும் அடையும் அறுவைகளைச் செய்தார்கள். பார்க்கின்சன் நடுக்கத்தில் பலர் பயன்பெற்றார்கள். அடங்காத ஆக்ரோஷம் உள்ளவர்களுக்கும், குழந்தைகள் உட்பட, மூளையின் சில பகுதிகளை அழிக்கும் அறுவைகள் நடந்தன. அன்றைய மருத்துவம் அவற்றை ஏற்றது. இன்று படிக்கும்போது மனம் கனக்கிறது. அந்தக் குழந்தைகளால் சம்மதம் சொல்லியிருக்க முடியாது. ஆசியாவின் முதல் பெண் நரம்பு அறுவை நிபுணர்களில் ஒருவரான கனகா, 1975இல் மூளைக்குள் நீண்டகாலம் இருக்கும்படி மின்முனை பதித்தார். இந்தியாவில் அதுவே முதல் என்று சொல்லப்படுகிறது. அழிப்பதை விட்டுத் தூண்டுவதை நோக்கி மருத்துவம் திரும்பிய நேரம் அது.

ஆனால் மண்டையைத் திறக்காமல் தூண்ட முடியுமா? 1980இல் லண்டனில் மெர்ட்டனும் மார்ட்டனும் தலைத்தோலின் மேலிருந்தே வலுவான மின்துடிப்பைச் செலுத்தி, கைத்தசையை அசைத்துக் காட்டினார்கள். முடிந்தது, ஆனால் தாங்க முடியாத வலி. மண்டையோடு மின்சாரத்தைத் தடுப்பதால் பெரும்பங்கு தோலிலேயே சுட்டுவிடுகிறது. காந்தப்புலத்துக்கு அந்தத் தடையில்லை. எலும்பு அதற்குக் கண்ணாடி ஜன்னல் மாதிரி. 1985இல் ஷெஃபீல்டில் அந்தோனி பார்க்கரும் உடனுழைத்தவர்களும் ஒரு சுருளைத் தலைமேல் பிடித்து ஒரு துடிப்பு விட்டார்கள். கீழே எதிர்ப்பக்கத்துக் கைவிரல்கள் துள்ளின. வலி பெரிதாக இல்லை.

இயந்திரத்தின் வேலை எளிது. மின்தேக்கியில் சேர்த்த ஆற்றல் ஒரு மில்லி நொடிக்கும் குறைவான நேரத்தில் சுருள் வழியே பாய்கிறது, ஆயிரக்கணக்கான ஆம்பியர். சுருளைச் சுற்றி எம்.ஆர்.ஐ. இயந்திரத்தின் அளவுக்குக் காந்தப்புலம் எழுந்து உடனே மறைகிறது. அந்த எழுச்சியும் மறைவும் மண்டைக்குக் கீழே இரண்டு, மூன்று சென்டிமீட்டர் ஆழத்தில் சிறு மின்னோட்டத்தை உண்டாக்க, நரம்பணுக்கள் துடிக்கின்றன. நோயைத் தொடுவது கடைசியில் மின்சாரம்தான். காந்தம் அதை உள்ளே கொண்டுபோகும் வாகனம். துடிப்பை நொடிக்கு 10 என்று வேகமாக விட்டால் அந்தப் பகுதி பொதுவாகச் சுறுசுறுப்பாகிறது. நொடிக்கு ஒன்று என்று மெதுவாக விட்டால் அடங்குகிறது. எவ்வளவு வலிமை வேண்டும் என்பதை நோயாளியின் கட்டைவிரலே சொல்கிறது. எந்த அளவில் அது துள்ளத் தொடங்குகிறதோ அதை வைத்து அளவு குறிக்கிறார்கள். லா ரோஷெலில் எட்டுப் பேர் துள்ளியதை அளவுகோலாகக் கொண்ட வால்ஷுக்கு இது புரிந்திருக்கும்.

எதற்குப் பயன்? ஆதாரம் எல்லா நோய்க்கும் ஒன்றுபோல் இல்லை. மருந்துக்கு இறங்காத மனச்சோர்வுக்கு நெற்றியின் இடப்பக்கத்தில் தருவதற்கு வலுவான சான்று இருக்கிறது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008இல் அதற்கு அனுமதி தந்தது. ஒற்றைத் தலைவலிக்கு 2013இல், எண்ணச் சுழற்சி நோய்க்கு (ஓ.சி.டி.) 2018இல் அனுமதி. 2020இல் வெளியான ஐரோப்பிய வல்லுநர் குழுவின் மதிப்பீடு, நரம்புவலிக்கும், பக்கவாதம் வந்த சில வாரங்களுக்குப் பின் கையசைவை மீட்பதற்கும் உயர்ந்த தரச் சான்று உண்டு என்றது. அல்சைமர் நோயின் தொடக்கத்தில் நினைவாற்றல் கொஞ்சம் தேறலாம் என்ற ஆய்வுகள் இருக்கின்றன, ஆனால் அவை இன்னும் பலவீனமான தளத்தில் நிற்கின்றன. மறதிநோய்க்கு உறுதியான தீர்வு என்று யாராவது விளம்பரம் செய்தால் நம்பக்கூடாது. தலைக்குள் உலோகமோ செவிக்குள் பொருத்திய கருவியோ உள்ளவர்களுக்கு இது ஆகாது. தலைவலி, தோலெரிச்சல் வரலாம். வலிப்பு மிக அரிதாக வரும். மயக்க மருந்து தேவையில்லை. நாற்காலியில் விழித்தபடி உட்கார்ந்திருந்து, முடிந்ததும் எழுந்து போகலாம்.

இந்தியாவில் பெங்களூரு நிம்ஹான்ஸ், ராஞ்சியின் மத்திய மனநல நிறுவனம் போன்ற இடங்களில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இதில் ஆராய்ச்சி நடக்கிறது. சென்னையில் தனியார் மருத்துவமனைகள் சிலவற்றில் சிகிச்சை கிடைக்கிறது. பழவேற்காட்டிலிருந்து சென்னை சுமார் 60 கிலோமீட்டர். மனச்சோர்வுக்கு வழக்கமான முறையில் வாரத்துக்கு 5 நாள், ஆறு வாரம் என்று 30 அமர்வுகள். போகவர 120 கிலோமீட்டர் வீதம் கணக்கிட்டால் 3,600 கிலோமீட்டர் பேருந்துப் பயணம். பக்கவாதத்தில் கை விழுந்தவர் என்றால் தனியாக வரவும் முடியாது. துணைக்கு வருபவரின் நாளும் போகும். பாடு முறை அந்த ஆறு வாரத்தில் விழுந்தால் இடத்தை இன்னொருவருக்கு விட்டுவிட வேண்டியதுதான். கையால் இறால் பிடிக்கும் குடும்பத்துக்கோ விடுப்பு என்ற சொல்லுக்கே பொருளில்லை.

இந்தக் கரைகளில் மனம் கலங்கியவரைத் தர்காவுக்கும் மாதா கோயிலுக்கும் அம்மன் சன்னதிக்கும் அழைத்துப் போகும் வழக்கம் பழையது. அதை இகழ்வது எளிது, நியாயமல்ல. அங்கே கட்டணம் இல்லை, தங்க இடம் உண்டு, துணைக்கு வந்தவருக்கும் சோறு கிடைக்கும். மருத்துவமனை தராததைக் கோயில் தந்தது. அந்த நம்பிக்கையை வணிகமாக்கியவர்களால் என்ன நேரும் என்பதை 2001 ஆகஸ்ட் 6 அன்று தர்கா ஊரான ஏர்வாடி காட்டியது. தனியார் விடுதி ஒன்றில் தீப்பற்றியபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் இறந்தார்கள். அதன்பிறகு சட்டங்கள் மாறின. 2021இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் வீட்டு வாசலுக்கே மாத்திரை கொண்டுவந்தது. பக்கவாதம் வராமல் காப்பதில் அது எந்தச் சுருளையும் விடப் பெரிய வேலை செய்யக்கூடியது. ஆனால் வந்தபின் கையை மீட்கும் சிகிச்சை இன்னும் நகரத்தின் பெரிய கட்டடங்களுக்குள்தான் இருக்கிறது.

தூரத்தைக் குறைக்க வழி இல்லாமல் இல்லை. 2018இல் கனடாவில் மனச்சோர்வுள்ள 414 பேரிடம் நடந்த ஆய்வில், ஒரு அமர்வுக்கு 37 நிமிடம் எடுக்கும் பழைய முறைக்கும், துடிப்புகளைக் கொத்துக்கொத்தாக 3 நிமிடத்தில் முடிக்கும் புதிய முறைக்கும் பலன் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. 2022இல் அமெரிக்காவில் மனச்சோர்வுக்கு அனுமதி பெற்ற ஸ்டான்ஃபோர்டு முறையில் மணிக்கொரு அமர்வு, நாளுக்கு 10, மொத்தம் 5 நாள். ஆறு வாரம் ஐந்து நாளாகிவிட்டால், தங்க ஒரு இடம் இருந்தால், பாடு முறையை விடாமலேயே ஒருவர் போய்வர முடியும்.

இயந்திரம் அலமாரி அளவு. எம்.ஆர்.ஐ. போலத் தனி அறைக்கவசம் வேண்டாம். ஒரு நாற்காலி, பயிற்சி பெற்ற ஒரு செவிலியர், வலிப்பு வந்தால் கவனிக்க ஒரு மருத்துவர், தடையில்லாத மின்சாரம் இருந்தால் போதும். பழவேற்காட்டுக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டரில் பொன்னேரி அரசு மருத்துவமனை இருக்கிறது. காலையில் வலை பிரித்துவிட்டு வரும் மீனவர் மதியத்துக்குள் திரும்பிவிடக்கூடிய தூரம்.